ட்ரிப் ஆனால் திட்டாதீர்கள்

போன வாரம் நண்பரின் மகன் வந்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பொறுப்பு. "அங்கிள், எர்த் ஃபால்ட் ரிலே சும்மா சும்மா ட்ரிப் ஆகுது. பைபாஸ் பண்ணிட்டு ஓட்டச் சொல்றாங்க" என்றான்.

எனக்குப் பகீரென்றது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன்.

அப்போது ஒரு சர்க்கரை ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர். அரவை மும்முரம். 11,000 வோல்ட் ஜெனரேட்டர் ஒரே இரவில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் எர்த் ஃபால்ட் ரிலேயில் கொடி விழுந்திருந்தது. திரும்ப ஓட்டினால் ஓடியது. மழை ஈரம்தான் என்று நினைத்தோம். மேலிடத்தில் பைபாஸ் செய்யச் சொன்னார்கள். லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

மூன்றாம் நாள் விடியற்காலை பெரிய சத்தம். ஸ்டேட்டரில் ஒரு ஃபேஸின் இன்சுலேஷன் பழுதாகியிருந்தது. அதைத்தான் ரிலே சொல்லியிருக்கிறது. ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால் மற்ற இரண்டிலும் வோல்டேஜ் 1.73 மடங்கு வரை ஏறும். அதைத் தாங்காமல் இன்னொரு ஃபேஸும் போய் ஷார்ட் ஆகிவிட்டது. டிஃபரன்ஷியல் ரிலே பிரேக்கரைத் திறந்தது உண்மை. ஆனால் காந்தப்புலம் அடங்கும் வரை ஜெனரேட்டர் தன் பழுதுக்குத் தானே தீனி போடும். காயில் கருகியது மட்டுமல்ல, உள்ளே இரும்புத் தகடுகளே உருகி ஒட்டிக்கொண்டன. அந்த சீசன் அதோடு சரி.

யார்டில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் போகும், சர்க்கரையும் போகும். ஒரு விவசாயி என்னிடம், "எப்போ சார் ஓடும்?" என்று நாலு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் கேட்கவில்லை.

ரிலேயும் சில சமயம் தவறாக இயங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நின்ற ஒரு மணி நேரம் தினசரி ரிப்போர்ட்டில் ஏறுகிறது. தப்பித்த ஜெனரேட்டர் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறுவதில்லை. அதனால்தான் நிறுத்தியவனுக்கு மெமோ, ஓட்டியவனுக்குப் பாராட்டு. எத்தனை ரிலே வாங்கி மாட்டினாலும், இந்தப் பழக்கம் மாறாமல் எந்த ஜெனரேட்டருக்கும் பாதுகாப்பு இல்லை என்பது என் கருத்து.

பையனிடம் சொன்னேன்: "முதல்ல மெகர் போட்டுப் பாரு. வைண்டிங் சரின்னா ரிலேயைச் சோதிச்சுப் பாரு. ரெண்டும் முடியற வரைக்கும் ஓட்டாதே. திட்டினா வாங்கிக்கோ."

அன்று எனக்கு அதை யாராவது சொல்லியிருக்கலாம்.