பல் வைத்தியரிடம் போகப் பயமா?



பல்வலியைக் கிராம்போடு சமாளித்து நாள் கடத்துவோர் எம்மில் பலர். ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் கிடந்தவர்களுக்கு, பல் துளைக்கும் மெசின் சத்தமும் மல்லாந்து கிடப்பதும் நெஞ்சைப் படபடக்க வைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். வைத்தியரிடம் முதலில் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். கை உயர்த்தினால் நிறுத்தும்படி கேளுங்கள். அதுவும் போதாவிட்டால், டயசிபாம் போன்ற குளிசையைச் சிகிச்சைக்குச் சுமார் 1 மணி நேரம் முன்பு தரலாமா என்பதை அவரே தீர்மானிப்பார். முழு மயக்கம் வராது, பதற்றம் தணியும். விறைப்பூசி அப்போதும் போடுவார்கள்.

கர்ப்பமாக இருந்தால், பாலூட்டினால், மனநலக் குளிசை எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அயலவரின் குளிசையை வாங்கி விழுங்காதீர்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அன்று சைக்கிள் ஓடவேண்டாம்; அடுப்படி வேலையும் வேண்டாம்.

யுத்தம் தந்த பயத்துக்குப் பல்லையும் பறிகொடுக்க வேண்டாம்.