மானியம் கையில் பணம் உள்ளவருக்கு மட்டும்தானா?

பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாது. பழம் செடியிலேயே அழுகும். தோட்டப் பயிருக்கு அரசு மானியம் இல்லாமலில்லை. 2005-06ல் துவங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கம் 2014ல் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் வந்தது. அந்த 2014 விதிகளில் சிப்பம் கட்டும் அறைக்கு மதிப்பு 4 லட்ச ரூபாய், மானியம் 2 லட்சம் என்று இருந்தது. ஆனால் அறையை முதலில் கட்டி முடிக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர்காரர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? கடன் வாங்கிக் கட்டினால் மானியத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விடும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் இந்தச் சங்கடம் குறைவு. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 75 சதவீதம். மானியம் குழாய் அமைக்கும் கம்பெனிக்கே போகிறது. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்றுக்கு அலைவது தனிக் கதை.

2017-18ல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. 100 விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி. நல்ல யோசனைதான். ஆனால் அது பண்ணை இயந்திரம் வாங்கத் தந்த பணம். பென்னாகரம் பக்கம் மானாவாரியில் ராகி, சாமை போடுவோருக்கு உழவு இயந்திரம் உதவும். தக்காளிக்காரருக்கு வேண்டியது பிளாஸ்டிக் கிரேட், நிழல், தரம் பிரிக்க ஓர் இடம். மா விவசாயிக்கோ கூழ் ஆலைக்காரரிடம் சேர்ந்து விலை பேசும் பலம்.

இத்தகைய நிதியைத் தன் பயிருக்குத் தக்கபடி குழுவே செலவிட அனுமதிக்க வேண்டும். சிப்ப அறை மானியத்தில் பாதியையாவது அஸ்திவாரம் போட்டவுடன் தர வேண்டும்.