பதினான்கு படங்களும் ஒரு குடும்ப அட்டையும்

மென்பொருள் வடிவமைப்பு என்றாலே இன்று யு.எம்.எல். தான் என்கிறார்கள். பூச், ரம்போ, ஜேக்கப்சன் மூவரும் தத்தம் முறைகளை ஒன்றாக்கினார்கள். 1997-இல் அது தரநிலையும் ஆனது. சண்டை ஓய்ந்தது நல்லதுதான். ஆனால் 2.5 பதிப்பில் 14 வகைப் படங்கள்! யாருக்காக ஐயா?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், 1970-களின் இறுதியில் பிரான்சில் உருவான 'மெரீஸ்' முறையை மூலமொழியிலேயே படித்தேன். அது எடுத்தவுடன் கணினியைப் பற்றிப் பேசுவதில்லை. என்னென்ன பொருள்கள், அவற்றுக்குள் என்ன உறவு, குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்று கேட்கிறது. ஒரு குடும்ப அட்டையில் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் பலர். ஒருவருக்குக் குறைந்தது ஒரு அட்டை, அதிகபட்சமும் ஒன்றே. இப்படி எழுதிக் காட்டினால் எந்த எழுத்தரும் உடனே கேட்பார்: "கல்யாணமாகிப் போன பெண்ணைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கியாச்சு, புகுந்த வீட்டில் இன்னும் சேர்க்கலை. அவள் எங்கே?" 'குறைந்தது பூச்சியம்' என்று அங்கேயே திருத்திவிடலாம். திருத்தாவிட்டால், அப்படி ஒருத்தியே இல்லை என்றுவிடும் கணினி. அரிசிக்கு அவள் யாரிடம் போவாள்?

மெரீஸ் தரவையும் செயலையும் பிரித்து வைக்கிறது, பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு ஒத்துவராது என்பார்கள். இருக்கட்டும். யு.எம்.எல். வகுப்புப் படத்திலும் இதே எண்களை எழுதலாமே! அந்த ஒரு படத்தை முதலில் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். மீதி 13-ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.