ஆராய்ச்சி மாணவர் இருக்கும் வீடுகளுக்கு



உங்கள் வீட்டிலும் ஒருவர் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கலாம். மகளோ, மருமகளோ, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் கணவரோ. தீசிஸ் ஒப்படைக்கும் மாதத்தில் அந்த வீடு படும் பாடு உங்களுக்குத் தெரியும். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தால், யோசித்து எழுத வேண்டிய நேரமெல்லாம் எந்தக் கட்டுரை எந்த ஆண்டு வந்தது, கமா எங்கே, பக்க எண் எங்கே என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

ரெஃபரன்ஸ் மேனேஜர் மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. படித்த கட்டுரைகளின் விவரங்களை பி.டி.எஃப். கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும். வேர்டில் எழுத எழுத, கடைசிப் பக்கத்தில் வரும் மேற்கோள் பட்டியலைத் தானே போட்டுத் தரும். ஒரு ஆய்விதழ் ஏ.பி.ஏ. பாணி கேட்கும், இன்னொன்று ஐ.இ.இ.இ. பாணியில் எண் போடச் சொல்லும். கையால் மாற்றினால் நாள் கணக்கு. இதில் சில நொடிகள்.

சரி, எதை எடுப்பது?

எண்ட்நோட்டுக்குக் காசு கட்ட வேண்டும். பல்கலைக்கழகம் வாங்கித் தந்தால் நல்லது. ஆனால் படிப்பு முடிந்து வெளியே வந்தபின் அந்தச் செலவு யாருடையது? தயவுசெய்து பென் டிரைவில் வரும் திருட்டு நகல் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

மெண்டலே இலவசம், 2 ஜிபி இடமும் தருகிறது. 2013இல் அதை எல்ஸ்வியர் நிறுவனம் வாங்கியது. 2018இல் வந்த ஒரு அப்டேட், நம் கணினியிலேயே இருக்கும் தகவல் தொகுப்பை மற்ற மென்பொருள்கள் படிக்க முடியாதபடி பூட்டியது. வருடக்கணக்கில் நாம் சேர்த்ததை இன்னொருவர் பூட்டலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் என் சிபாரிசு ஸோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் 2006இல் தொடங்கியது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். சேர்த்ததை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். பி.டி.எஃப்.களை ஆன்லைனில் வைக்க இலவசமாகக் கிடைப்பது 300 எம்பிதான். அவற்றை நம் கணினியில் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கே வராது. வேர்டுக்குப் பதிலாக லேடெக் என்ற மென்பொருளில் எழுதும் கணிதம், இயற்பியல் பிள்ளைகளுக்கு ஜாப்ரெஃப் இன்னும் வசதி.

எதை எடுத்தாலும், நம் ஊர்ப் பெயர்களில் கண் வைக்க வேண்டும். இந்த மென்பொருள்கள் குடும்பப் பெயர் உள்ள நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 'முருகேசன் கே.' என்று பெயர் வந்தால், கடைசியில் நிற்கும் 'கே' தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஏ.பி.ஏ. போன்ற பாணிகளில் முருகேசன் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கி, அவருடைய அப்பாவின் முதலெழுத்தே பெயராக நிற்கும். உழைத்து எழுதியவரின் பெயரே காணாமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஸோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தி, முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடலாம். தமிழ் நூல்களைச் சேர்க்கும்போது இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

தீசிஸ் எழுதி முடித்தபிறகு இதைத் தொடங்குவதில் பெரிய பயன் இல்லை. முதல் வருடம் படிக்கும் பிள்ளை அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது கேளுங்களேன்: இதுவரை படித்ததையெல்லாம் எதில் சேர்த்து வைத்திருக்கிறாய்? அதற்கு ஒரு காப்பி வேறு எங்காவது இருக்கிறதா?

அன்புடன்,
ஆசிரியர்