கள்ளில்லாக் கள்ளப்பம்

நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டா என்பது அவர்தம் வேண்டுகோள். ஆதலின் செய்தியை மட்டும் கூறுகிறோம்.

அவருடைய கணவர் குடியை விட்டொழித்து இரண்டு ஆண்டுகள் நிறைவெய்தப் போகின்றன. கிறிஸ்துமஸ் நாளன்று அண்டை வீட்டு மலையாளக் குடும்பத்தார் கொடுத்தனுப்பிய கள்ளப்பத்தைச் சுவைத்த குழந்தைகள், அது நம் வீட்டிலும் வேண்டும் என்று அன்று முதல் நச்சரிக்கின்றனராம். அப்பத்திற்குக் கள் வேண்டும். கள்ளுக்குக் கள்ளுக்கடைக்குத்தான் போக வேண்டும். "அரைக் குப்பிதானே, நானே வாங்கி வருகிறேன்" என்று கணவர் எழுந்தாராம். போங்கள் என்று சொல்ல அம்மையாருக்கு வாய் வரவில்லை. போக வேண்டா என்றால் தம்மை ஐயுறுவதாக அவர் மனம் நோவார். "வீட்டில் பச்சரிசி தீர்ந்துவிட்டது" என்று ஒரு பொய்யைச் சொல்லி அன்றைக்குத் தப்பினாராம். "எத்தனை நாளைக்குத்தான் அரிசி தீர்ந்துகொண்டே இருக்கும்? கள் இல்லாமல் கள்ளப்பம் செய்ய வழி உண்டா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு. அதனை அறியுமுன், மாவினுள் கள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிதல் நலம்.

தென்னம்பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் சேர்ந்ததும் சில மணி நேரத்திற்குள் அது புளிக்கத் தொடங்கிவிடும். அவற்றுள் ஈஸ்ட் எனப்படுவது சர்க்கரையை உண்டு, ஒருபுறம் மதுவையும் மறுபுறம் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. மயக்குவது மது, மாவை எழுப்புவதோ வாயு. அப்பத்தில் காணும் கண்கள் எல்லாம் அவ்வாயு வெளியேறிய வாயில்களே. ஆகவே கள்ளப்பத்திற்கு வேண்டுவது கள்ளின் மயக்கம் அன்று. அதனுள் வாழும் ஈஸ்ட்டே. அந்த ஈஸ்ட்டைக் கள்ளுக்கடைக்குப் போகாமலே பெறலாம். பதநீர் ஊற்றலாமே என்று சிலர் எண்ணக்கூடும். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு புளிப்பைத் தடுத்துவிடுவதால் அது மாவை எழுப்பாது.

செய்முறை வருமாறு: பச்சரிசி இரண்டு கோப்பையை நான்கு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்த் துருவல் ஒரு கோப்பை, வடித்த சோறு அரைக் கோப்பை, சின்ன வெங்காயம் மூன்று, சீரகம் கால் தேக்கரண்டி ஆகியவற்றுடன் நைய அரைத்துக்கொள்க. சர்க்கரை இரண்டு தேக்கரண்டியும், கடைகளில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டியும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து மாவிற் சேர்க்க. மாவு பாத்திரத்தின் பாதியளவே இருத்தல் வேண்டும். இல்லையேல் விடியலில் அடுக்களை மேடையைக் கழுவ நேரும். இரவு முழுதும் புளிக்கவிட்டுக் காலையில் உப்புச் சேர்க்க. உப்பு முன்னரே மிகுந்தால் ஈஸ்ட்டின் வேலை தளரும்.

ஈஸ்ட் வாங்க விரும்பாதோர், ஒரு தேங்காயின் நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, இறுக மூடாமல் அரைநாள் வைத்தால், நுரை தோன்றி இலேசாகப் புளிக்கும். அந்நீரை ஊற்றி மாவை அரைக்கலாம். நீர் குழகுழத்தாலோ நிறம் மாறினாலோ கொட்டிவிடுக. கல்லை மிதமாகக் காயவைத்து ஒரு கரண்டி மாவை ஊற்றுக. தோசைபோல் தேய்க்கலாகாது. கண்கள் தோன்றியதும் மூடிச் சிறுதீயில் வேகவிடுக.

நாம் முதன்முறை செய்தபோது நேர்ந்த பிழையையும் மறைக்க வேண்டுவதில்லை. சோற்றுக்கு மாற்றாக, அரைத்த மாவில் சிறிது எடுத்துக் கஞ்சியாய்க் காய்ச்சிக் கலக்கும் முறை ஒன்றுண்டு. மலையாளத்தார் அதனைக் கப்பி காச்சுதல் என்பர். நாம் பொறுமையின்றிக் கொதிக்கும் கஞ்சியையே மாவிற் கொட்டிவிட்டோம். ஈஸ்ட் வெந்து மடிந்தது. விடிந்து பார்த்தால் மாவு வைத்த அளவிலேயே கிடந்தது. கஞ்சி கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பின்னரே கலத்தல் வேண்டும்.

சுவை ஒன்றாய் இருக்குமா என வினவலாம். கள்ளுக்கே உரிய மணமும் புளிப்பும் முற்றும் வாரா. மென்மையும் கண்களும் குறைவின்றி வரும்.

இதே வினா வேறோர் உருவில் செருமனியிலிருந்தும் வந்துள்ளது. அங்குப் பணியாற்றும் நம் வலியசாலை இளைஞர் ஒருவர், பிராட்வுர்ஸ்ட் என்னும் இறைச்சிக் குழலைப் பீரில் வேகவைக்க வேண்டும் என்று படித்ததாகவும், பீரின்றி ஆக்கலாமா என்றும் கேட்கிறார். நூரம்பர்க் நகரத்துப் பிராட்வுர்ஸ்ட் ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் நீளமே உடையது. பீச் மர விறகின் அனலில் வாட்டப்படுவது. அங்குப் பீர் இருப்பது குவளையில், சட்டியில் அன்று. பீரில் வேகவைக்கும் வழக்கம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், செருமானியர் குடியேறிய ஊர்களில் பெயர்பெற்றது. குடிபெயர்ந்தோரின் அடுக்களையில் புகுந்த வழக்கத்தை அந்நாட்டுக்கே உரிய விதியாக நம் இளைஞர் கருதிவிட்டார். வெங்காயமும் மிளகும் இட்ட நீரில், கொதிக்கவிடாது மெல்ல வேகவைத்துப் பின் அனலில் வாட்டுக. கொதித்தால் தோல் வெடிக்கும். பன்றியிறைச்சியாயின் உள்ளே 71 பாகை வெப்பம் ஏறுதல் வேண்டும்.

சமைத்தால் மது முழுதும் ஆவியாகிவிடும் என்பாருக்கு ஒரு சொல். அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, மது கலந்த பண்டத்தைக் கால் மணி நேரம் வேகவைத்தாலும் நூற்றுக்கு 40 பங்கு எஞ்சும். ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் 25 பங்கு எஞ்சும். ஈஸ்ட் இட்ட மாவிலும், ரொட்டியிற்போல, மிகச் சிறிதளவு மது தோன்றவே செய்யும். குடியை விடுவதற்கான மாத்திரை உண்போர் புளித்த பண்டங்களைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

தமிழ்நாட்டில் 1987 சனவரி முதல் கள் இறக்கத் தடை உள்ளது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின் நம்மவர் பலருடைய உறவினர் எல்லைக்கு அப்பாலும் நாம் இப்பாலுமாக இருக்கிறோம். அவர்கள் வீடுகளில் உளுந்தும் வெந்தயமும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் ஆப்பம் இன்றும் பூப்போல் வருகிறது. கள்ளின்றி ஆப்பம் சுடுவது நம் குலத்துக்குப் புதிதன்று.

சகோதரியாருக்கு ஒன்று சொல்வோம். அடுத்த ஞாயிறன்று கணவரையே சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பி இரண்டு தேங்காய் வாங்கி வரச் சொல்லுங்கள். மாவைக் கரைக்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். இரண்டு ஆண்டுகள் தம்மைக் கட்டிக் காத்தவருக்கு அந்தச் சிறு பொறுப்பு பெருமையாகவே இருக்கும். வீட்டில் பச்சரிசி இருக்கிறது என்ற உண்மையையும் இனி அஞ்சாமல் சொல்லலாம்.