கூலி கொடுத்தவர் யார்?

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு நாள்தோறும் செல்லும் தோழர்களே! "இந்தப் புகையால் கேடில்லை, நிபுணரே சொல்லிவிட்டார்" என்று முதலாளி கூறினால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: நிபுணருக்குக் கூலி கொடுப்பவர் யார்?

பிரிட்டனின் ரிச்சர்டு டால் சாமானியரல்லர். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து எடுத்துக்காட்டிய மேதை. அவரே 1985-இல், வியட்நாமில் அமெரிக்கா தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' மருந்து புற்றுநோய் தரும் என்பதற்குச் சான்றில்லை என்று ஆஸ்திரேலிய விசாரணைக் கமிஷனுக்கு எழுதினார். அம்மருந்தைத் தயாரித்தவற்றுள் ஒன்றான மான்சாண்டோவுக்கு அவர் ஆலோசகர். 1986 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 1,500 டாலர்! இது அம்பலமானது, அவர் மறைந்தபின், 2006-இல்.

பணம் கல்லூரிக்கே போயிற்று என்கின்றனர் அன்பர்கள். போகட்டும், அன்றே சொல்லாததேன்?

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. அறிக்கையோடு கூலிக் கணக்கையும் காட்டு என்கிறோம்!