மழையைத் திட்டுமுன் வாய்க்காலைப் பாருங்கள்



"காலநிலை மாறிப்போச்சு, இனி நெல் சரிவராது" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறோம். மாறியது உண்மைதான். அதனால் எங்கள் கை சுத்தம் என்று ஆகிவிடுமா?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுவது. அதை நம்பித்தான் கமக்காரர் புழுதியில் விதைக்கிறார்கள். இப்போது விதைத்தபின் வானம் ஏய்க்கிறது, முளைத்தது கருகுகிறது. பிறகு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கிறது. 2020 டிசம்பரில் புரேவி வந்தபோது வயலும் வீடும் ஒன்றாய் மிதந்ததைப் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் எவ்வளவை மறித்தோம்?

குளத்தில் குப்பை கொட்டியது வானமா? வாய்க்காலை மறித்து மதில் கட்டியது வானமா? அனுமதியில்லாமல் வயலை நிரப்பக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. நிரப்பிய காணி மலிவு என்று வாங்குகிறவர்கள் யார்? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். 1990இல் துரத்தப்பட்டு, திரும்பி வந்து காணிக்கு அலைந்தவர்கள் நாங்கள். அந்த வலி தெரியும். ஆனாலும் பிழை பிழைதான்.

"நாங்கள் யாவாரிகள், வயலுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: வரம்பு கட்டிய வயலில் நிற்கும் மழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வருகிறது. நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் உவர் ஏறத்தாழ 40 அடி மேலேறலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வயல் செத்தால் கிணறும் உவர்க்கும். அந்தக் கிணற்றில் பள்ளிக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று என்று இரண்டு தண்ணீர் இல்லை.

ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவரும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். இன்னும் முழுமையாகவில்லை. அதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் எங்கள் ஒழுங்கை வாய்க்காலைத் துப்புரவாக்க எந்த அமைச்சரும் வரத் தேவையில்லை.

ஒக்டோபருக்கு முன் மூன்று வேலை: வீட்டுக்கு முன்னாலுள்ள வாய்க்காலைத் திறவுங்கள். கூரைத் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள் இறக்குங்கள். நிரப்பிய வயலை வாங்காதீர்கள், விற்கிறவருக்குத் தரகராகவும் நிற்காதீர்கள்.

மழை வேண்டிக் கையேந்துகிறோம். வந்த மழைக்கு இடம் வைத்துவிட்டுக் கேட்போமே.